பேரியாட்ரிக் சர்ஜரிக்கு அப்புறம் தைராய்டு கேன்சர்: பழைய ஃபைல்தான் உங்க பணத்தைக் காப்பாத்தும்

போன மாசம் ஹெல்த் இன்சூரன்ஸ் பத்தி போட்ட வீடியோவுக்குக் கீழ ஒரு சப்ஸ்கிரைபர் கேட்ட கேள்வி இது. "எனக்கு 31 வயசு, கோயம்புத்தூர்ல வேலை. 2022-ல வெயிட் குறைக்க கேஸ்ட்ரிக் பைபாஸ் பண்ணினேன். இப்போ தைராய்டு கேன்சர்னு சொல்லிட்டாங்க. ஆபரேஷன் முடிஞ்சது. கிரிட்டிகல் இல்னஸ் பாலிசியில கிளெய்ம் ரிஜெக்ட் ஆயிடுச்சு. ஹெல்த் பாலிசியில 'இது பழைய நோயா?'ன்னு கேட்டு லெட்டர் வந்திருக்கு. என்ன பண்றது?"

அவங்க அனுமதியோட, அடையாளம் தெரியாத மாதிரி, அவங்க கேஸை வச்சே இந்தக் கட்டுரையை எழுதறேன். 10 நிமிஷ வீடியோவுல இவ்வளவு விஷயம் சொல்ல முடியாது. உங்களுக்கு ரெண்டு நோயுமே இல்லாம இருக்கலாம். ஆனா ஒரு பெரிய ஆபரேஷன் பண்ணி, சில வருஷம் கழிச்சு வேற ஒரு பெரிய நோய் வந்தா பணம் எங்க இருந்து வரும், எங்க வராதுன்னு தெரிஞ்சுக்க இது நல்ல உதாரணம்.

ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன். நான் சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட், டாக்டர் இல்ல. மருத்துவம் பத்தி இங்க சொல்றது செலவையும் கிளெய்மையும் புரிஞ்சுக்கறதுக்கு மட்டும்தான். மாத்திரை, டோஸ் எல்லாம் உங்க டாக்டர் சொல்றதுதான்.

ரெண்டு ஆபரேஷனும் ஒண்ணோட ஒண்ணு எங்க மோதுது?

முதல்ல ஒரு பயத்தைத் தீர்த்துடலாம். "வெயிட் லாஸ் சர்ஜரி பண்ணதாலதான் கேன்சர் வந்துச்சா?"ன்னு வீட்டுல கேட்பாங்க. அப்படி இல்ல. அதிக உடல் எடையோட தொடர்புள்ள 13 வகை கேன்சர்களை உலக சுகாதார அமைப்போட கேன்சர் ஆராய்ச்சிப் பிரிவான ஐஏஆர்சி 2016-ல பட்டியல் போட்டுச்சு. அதுல தைராய்டும் ஒண்ணு. அதாவது தொடர்பு இருக்கறது எடையோட. யாரும் தன்னையே குற்றம் சொல்லிக்க வேண்டாம். தைராய்டு கேன்சர்ல அதிகமா வர்றது பாப்பிலரி வகை. அது பெரும்பாலும் நல்லா குணமாகக்கூடியது.

நிஜமான சிக்கல் கால்சியத்துலதான். தைராய்டுக்குப் பின்னாடி ஒட்டிக்கிட்டு பாராதைராய்டுன்னு நாலு சின்ன சுரப்பிகள் இருக்கும். ரத்தத்துல கால்சியத்தைச் சரியா வச்சுக்கறது அதோட வேலை. தைராய்டை எடுக்கும்போது அதுக்கு அடிபட்டா கால்சியம் சட்டுன்னு இறங்கும். கை விரல், உதட்டைச் சுத்தி மரத்துப்போகும், தசை இழுக்கும். சாதாரண ஆளுக்குக் கால்சியம் மாத்திரையைக் கூட்டிக் கொடுத்து சமாளிச்சுடுவாங்க. பைபாஸ் பண்ணவங்களுக்கு குடல்ல கால்சியம் உறிஞ்சற இடமே சுத்திவிடப்பட்டிருக்கு. அதனால மாத்திரை போட்டாலும் சரியா ஏறாம போகலாம். சிலருக்கு நரம்பு வழியா கால்சியம் ஏத்தணும், ஆஸ்பத்திரியில கூடுதல் நாள் இருக்கணும், திரும்ப அட்மிட் ஆக வேண்டி வரலாம்.

அதனால கழுத்து ஆபரேஷனுக்கு முன்னாடியே சர்ஜன்கிட்ட, "நான் பைபாஸ் பண்ணியிருக்கேன், என் வைட்டமின் டி, கால்சியம், பிடிஎச் ரிப்போர்ட் இதோ"ன்னு காட்டணும். கட்டி சின்னதா இருந்தா முழு தைராய்டையும் எடுக்காம பாதி மட்டும் எடுக்கறதும் ஒரு வழி. அது நமக்கு ஒத்துவருமான்னு கேட்கறதுல தப்பே இல்ல. முன்கூட்டியே வைட்டமின் டி குறைவைச் சரி பண்ணிட்டு உள்ள போறது, உடம்புக்கும் நல்லது, பில்லுக்கும் நல்லது.

பேரியாட்ரிக் சர்ஜரியை மறைச்சா என்ன ஆகும்?

ஐஆர்டிஏஐ தரப்படுத்தின விதிப்படி, உடல் எடைக்கான ஆபரேஷனை பாலிசிகள் பொதுவா விலக்கி வைக்கலாம். ஆனா சில நிபந்தனை பூர்த்தியானா விலக்க முடியாது. டாக்டர் பரிந்துரை இருக்கணும். வயசு 18 அல்லது அதுக்கு மேல இருக்கணும். பிஎம்ஐ 40 அல்லது அதுக்கு மேல இருக்கணும். இல்லன்னா பிஎம்ஐ 35 அல்லது அதுக்கு மேல இருந்து, கூடவே இதய நோய், கடுமையான ஸ்லீப் ஆப்னியா, கட்டுக்குள் வராத டைப் 2 சர்க்கரை மாதிரி ஏதாவது ஒண்ணு இருந்து, மத்த வழியில எடை குறையாம போயிருக்கணும். நம்ம சப்ஸ்கிரைபருக்கு பிஎம்ஐ 41. கம்பெனி குரூப் பாலிசி அந்த பில்லைக் கொடுத்துடுச்சு.

அடுத்த வருஷம், 2023-ல, அவங்க சொந்தமா 10 லட்சத்துக்கு ஹெல்த் பாலிசி எடுத்தாங்க. இங்கதான் நிறைய பேர் சறுக்குவாங்க. ஆபரேஷனுக்கு அப்புறம் எடை நார்மல், சர்க்கரை நார்மல், ஃபோட்டோ பார்த்தா யாருக்கும் தெரியாது. ஏஜென்ட் சில பேர் "அதெல்லாம் எதுக்கு சொல்றீங்க, பிரீமியம் ஏறிடும்"ம்பாங்க. இவங்க அதைக் கேட்கல. ப்ரொபோசல் ஃபார்ம்ல "முன்னாடி ஏதாவது ஆபரேஷன் நடந்திருக்கா?"ங்கற கேள்விக்கு "ஆமா"ன்னு போட்டு டிஸ்சார்ஜ் சம்மரியையும் சேர்த்து அனுப்பினாங்க. லோடிங் போட்டு பிரீமியம் கொஞ்சம் அதிகமா வாங்கினாங்க. அந்தக் கூடுதல் பிரீமியம்தான் அவங்க பண்ணதுலயே நல்ல முதலீடு.

ஏன்னா கேன்சர் கிளெய்ம் வந்ததும் கம்பெனி பண்ற முதல் வேலை பழைய வரலாற்றைத் தோண்டறது. சொல்லாம விட்ட ஒரு ஆபரேஷன் அங்க கிடைச்சா, அதுக்கும் தைராய்டுக்கும் சம்பந்தம் இல்லன்னு நீங்க எவ்வளவு வாதாடினாலும், "முக்கியமான தகவலை மறைச்சீங்க"ன்னு பாலிசியையே ரத்து பண்ற வாய்ப்பு இருக்கு.

இப்போ விதிகள் என்னன்னு பார்ப்போம். 2024 ஏப்ரல்ல வந்த மாற்றத்துக்கு அப்புறம்:

- பாலிசி எடுக்கறதுக்கு முந்தைய 36 மாசத்துக்குள்ள கண்டுபிடிச்ச அல்லது சிகிச்சை சொன்ன நோய்தான் "ஏற்கனவே இருந்த நோய்".
- அதுக்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 36 மாசம்.
- தொடர்ந்து 60 மாசம் பாலிசி ஓடிட்டா, மோசடியை நிரூபிச்சா தவிர, தகவல் மறைச்சதா சொல்லி கிளெய்மை மறுக்க முடியாது.

இவங்க கேஸ்ல உடல் எடையும் பைபாஸும் "ஏற்கனவே இருந்த" கணக்குல வரும். தைராய்டு வராது. ஆனா அதை யார் நிரூபிக்கிறது? கம்பெனி லெட்டர்ல கேட்டது ரெண்டே விஷயம்: கழுத்துக் கட்டி எப்போ முதல்ல தெரிஞ்சது, அதுக்கு முன்னாடி தைராய்டு சம்பந்தமா ஏதாவது சிகிச்சை உண்டா?

இங்க 2022 ஃபைல் கைகொடுத்துச்சு. பேரியாட்ரிக் சர்ஜரிக்கு முன்னாடி வழக்கமா எடுக்கற டெஸ்ட்ல டிஎஸ்எச்சும் உண்டு. அது நார்மல். டாக்டர் பரிசோதனைக் குறிப்புல கழுத்துல கட்டின்னு எதுவும் இல்ல. 2025 ஸ்கேன்லதான் கட்டி முதல் தடவையா பதிவாகுது. அந்த ரிப்போர்ட்டுகளைத் தேதி வரிசையில அடுக்கி, ஒரு பக்கக் கவரிங் லெட்டரோட அனுப்பச் சொன்னேன். கிளெய்ம் பாஸ் ஆச்சு.

இதே ஃபைல்ல 2022-ல "கழுத்துல சின்ன நாட்யூல், ஃபாலோ அப் பண்ணவும்"னு ஒரு வரி இருந்து, அதை ஃபார்ம்ல சொல்லாம விட்டிருந்தா கதையே வேற. அதனால பேரியாட்ரிக் சர்ஜரிக்கு முன்னாடி எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாத்தையும் ஒரு தடவை முழுசா படிங்க. "டாக்டர் ஒண்ணும் சொல்லலையே"ன்னு விட்ட வரிகூட கம்பெனி கண்ணுல படும்.

நாட்யூல் வேற, கேன்சர் வேற: பயாப்சி தேதியைக் கவனிங்க

பல பாலிசியில கட்டி, நாட்யூல், சிஸ்ட் மாதிரி சாதாரண விஷயங்களுக்கு 2 வருஷக் காத்திருப்பு இருக்கும். கேன்சருக்கு அந்தக் காத்திருப்பு இருக்காது. தைராய்டுல இது பெரிய குழப்பத்தைக் கொண்டுவரும்.

ஊசி போட்டு செல் எடுத்துப் பார்க்கற எஃப்என்ஏசி டெஸ்ட் முடிவை பெத்தஸ்டான்னு 1-ல இருந்து 6 வரை வகை பிரிப்பாங்க. 6 வந்தா கேன்சர். 3, 4 வந்தா உறுதியா சொல்ல முடியாது. ஆபரேஷன் பண்ணி, எடுத்த திசுவை ஆராய்ஞ்சாத்தான் தெரியும். நீங்க 3 அல்லது 4-ல இருக்கும்போது கேஷ்லெஸ் கேட்டா, "இது நாட்யூல், காத்திருப்புல இருக்கு"ன்னு மறுக்கலாம். அப்படி மறுத்தா கிளெய்ம் முடிஞ்சு போச்சுன்னு நினைக்காதீங்க. கையில இருந்து கட்டுங்க. பத்தாலஜி ரிப்போர்ட்ல கேன்சர்னு வந்ததும், அதை வச்சு ரீயிம்பர்ஸ்மென்ட் கிளெய்ம் போடுங்க. பாலிசி வாசகத்துல கேன்சருக்கு விலக்கு இருக்கான்னு மட்டும் முதல்ல பார்த்துக்கோங்க. இந்த ஒரு காரணத்துக்காகவே எமர்ஜென்சி ஃபண்ட் வேணும்.

கிரிட்டிகல் இல்னஸ் ஏன் பணம் தரல?

இவங்களுக்கு அதிகமா வலிச்சது இதுதான். 15 லட்சம் கிரிட்டிகல் இல்னஸ் பாலிசி. "கேன்சர் வந்தா மொத்தமா 15 லட்சம்"னு சொல்லித்தான் வித்தாங்க. கேன்சர் வந்துச்சு. ஒரு ரூபாய் வரல.

வருத்தமான உண்மை என்னன்னா, அந்த மறுப்பு விதிப்படி சரி. கிரிட்டிகல் இல்னஸ்ல "குறிப்பிட்ட தீவிரம் கொண்ட கேன்சர்"னு ஐஆர்டிஏஐ ஒரு பொது வரையறை வச்சிருக்கு. அதோட விலக்குப் பட்டியல்ல, டி1 என்0 எம்0 அல்லது அதுக்குக் கீழ இருக்கற தைராய்டு கேன்சர் எல்லாம் வரும்.

புரியற மாதிரி சொல்றேன். டி1ன்னா கட்டி 2 சென்டிமீட்டருக்குள்ள, தைராய்டுக்குள்ளயே இருக்கு. என்0ன்னா நிணநீர் முடிச்சுக்குப் பரவல. எம்0ன்னா வேற உறுப்புக்குப் பரவல. இவங்க கட்டி 1.6 சென்டிமீட்டர், எங்கயும் பரவல. உடம்புக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது. பாலிசிக்கு அதுவே "தகுதி இல்ல".

இதுல இருந்து எடுத்துக்க வேண்டியது மூணு விஷயம்:

1. பத்தாலஜி ரிப்போர்ட்ல டிஎன்எம் ஸ்டேஜ் தெளிவா எழுதியிருக்கான்னு பாருங்க. நிணநீர் முடிச்சுல பரவியிருந்தா என்1, அப்போ இந்த விலக்கு பொருந்தாது. கிளெய்ம் போடுங்க.
2. கேன்சருக்குன்னே தனியா இருக்கற சில பாலிசிகள் ஆரம்ப நிலைக்குத் தொகையில ஒரு பகுதியைத் தரும். உங்க பாலிசி எந்த வகைன்னு பாருங்க.
3. பட்ஜெட் கம்மியா இருந்தா முதல்ல ஹெல்த் பாலிசி தொகையைக் கூட்டுங்க. கிரிட்டிகல் இல்னஸ் அதுக்கு மேல போடற லேயர்தான்.

ரூம் வாடகை: 9,000 ரூபாய் ஆசை, 69,000 ரூபாய் செலவு

ஒரு உதாரணக் கணக்கு பார்ப்போம். 5 லட்சம் பாலிசி, ரூம் வாடகை வரம்பு 1 சதவீதம். அதாவது ஒரு நாளைக்கு 5,000. நீங்க 8,000 ரூபாய் ரூம் எடுக்கறீங்க. 3 நாள்.

- ரூம் வாடகை 24,000. கிடைக்கறது 15,000.
- சர்ஜன், ஆபரேஷன் தியேட்டர், அனஸ்தீசியா 1,60,000. ரூம் விகிதத்துல, அதாவது எட்டுல அஞ்சு பங்கு மட்டும் வரும்: 1,00,000.
- மருந்து, டெஸ்ட் 60,000. இதுல விகிதாச்சாரக் கழிவு கிடையாது, முழுசா வரும்.

மொத்த பில் 2,44,000. கம்பெனி தர்றது 1,75,000. உங்க கையில இருந்து 69,000. ரூம் வித்தியாசம் வெறும் 9,000தான், மீதி 60,000 அதோட வால் பிடிச்சு வந்தது. கால்சியம் இறங்கி கூடுதலா ரெண்டு நாள் இருந்தா இன்னும் ஏறும். அட்மிஷன் கவுன்டர்ல "எனக்கு எலிஜிபிலான ரூம் எது?"ன்னு கேட்கறது கௌரவக் குறைச்சல் இல்ல பாஸ்.

கம்பெனி பாலிசி, சொந்த பாலிசி ரெண்டும் இருந்தா எதை முதல்ல பயன்படுத்தறதுங்கறது உங்க உரிமை. வழக்கமா குரூப் பாலிசியை முதல்ல எடுங்க, மீதிக்கு சொந்த பாலிசி. குரூப்லயே பில் முடிஞ்சுட்டா சொந்த பாலிசியோட போனஸ் காப்பாத்தப்படும்.

ரேடியோ அயோடின் சிகிச்சை: செலவு மட்டுமில்ல, சாப்பாடும் சிக்கல்

ஆபரேஷனுக்கு அப்புறம் சிலருக்கு ரேடியோ ஆக்டிவ் அயோடின், அதாவது ஐ-131 கொடுப்பாங்க. சின்னக் கட்டி, பரவலன்னா பெரும்பாலும் தேவைப்படாது. தேவைன்னு சொன்னா இதையெல்லாம் கவனிங்க.

முதல்ல அட்மிஷன். டோஸ் அதிகமா இருந்தா தனி அறையில சில நாள் வச்சுப்பாங்க. குறைஞ்ச டோஸ்ன்னா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பலாம். பாலிசியில பொதுவா 24 மணி நேரம் அட்மிட் ஆகணும்ங்கற விதி இருக்கு. அதனால "இது டே கேர் சிகிச்சையா கவர் ஆகுமா?"ன்னு மெயில்ல கேட்டு, பதிலையும் மெயில்லயே வாங்கி வச்சுக்கோங்க. ஃபோன்ல கஸ்டமர் கேர் சொன்னது கணக்குல வராது. தனி அறைக்கு என்ன வாடகைன்னும் முன்னாடியே கேளுங்க, மேல போட்ட ரூம் கணக்கு இங்கயும் பொருந்தும்.

ரெண்டாவது, தயாரிப்பு. டிஎஸ்எச் அளவை ஏத்த ரெண்டு வழி. தைராக்ஸின் மாத்திரையைச் சில வாரம் நிறுத்தலாம், அல்லது அதுக்கான ஊசி போடலாம். ஊசி விலை அதிகம். மாத்திரையை நிறுத்தினா காசு மிச்சம், ஆனா அந்த வாரங்கள்ல கடுமையான சோர்வு இருக்கும், வேலையில கவனம் இருக்காது. எத்தனை நாள் லீவ் போகும்ங்கறதையும் சேர்த்துத்தான் ஒப்பிடணும்.

மூணாவது, சாப்பாடு. ஒண்ணு ரெண்டு வாரம் அயோடின் குறைஞ்ச டயட். அயோடின் உப்பு, கடல் மீன், பால், தயிர், முட்டை மஞ்சள் கரு எல்லாம் கட். பேரியாட்ரிக் சர்ஜரி பண்ணவங்களுக்கு வயிறு சின்னது, தினமும் புரதம் போகணும். நிறைய பேர் நம்பியிருக்கற வே புரோட்டீன் பாலில் இருந்து வர்றது. திடீர்னு அதை நிறுத்தினா புரதம் குறைஞ்சுடலாம். முட்டை வெள்ளைக்கரு, பருப்பு மாதிரி எதை எவ்வளவு சாப்பிடலாம்னு ஆஸ்பத்திரி டயட்டீஷியன்கிட்ட முன்னாடியே பிளான் போடுங்க. "எனக்கு பைபாஸ் ஆகியிருக்கு"ன்னு நீங்க சொல்லலன்னா அவங்க எல்லாருக்கும் கொடுக்கற சார்ட்டைத்தான் கொடுப்பாங்க.

பெண்களுக்கு இன்னொண்ணு. இந்த சிகிச்சைக்கு அப்புறம் குறைஞ்சது 6 மாசமாவது கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்வாங்க. கல்யாணம், குழந்தைன்னு பிளான் இருந்தா அந்தச் செலவுக் கணக்கோட தேதியும் மாறும்.

மாசா மாசம் வர்ற செலவு

ஆஸ்பத்திரி பில் ஒரு தடவை. மாத்திரை ரொம்ப வருஷத்துக்கு. முழு தைராய்டையும் எடுத்தவங்களுக்கு தைராக்ஸின் ஆயுசுக்கும் வேணும். நல்ல வேளையா அது மலிவு. ஆனா தப்பான நேரத்துல போட்டா உடம்புல சேராது. டெஸ்ட் சரியா வராது, டோஸ் மாத்துவாங்க, திரும்ப டெஸ்ட். காசு இப்படித்தான் ஓட்டை வழியா போகும்.

- தைராக்ஸின்: காலையில எழுந்ததும் வெறும் வயித்துல. காபி, டீ குறைஞ்சது அரை மணி நேரம் கழிச்சு.
- கால்சியமும் இரும்புச்சத்தும் தைராக்ஸினுக்கு 4 மணி நேரம் தள்ளி. ரெண்டையும் ஒண்ணா போடாதீங்க, அதுக்கு நடுவுலயும் இடைவெளி வேணும். பேரியாட்ரிக் மல்டிவைட்டமின்ல இந்த ரெண்டும் ஒளிஞ்சிருக்கும், லேபிளைப் பாருங்க.
- பைபாஸ் பண்ணவங்களுக்கு கால்சியம் கார்பனேட்டைவிட சிட்ரேட் நல்லா சேரும். விலை கொஞ்சம் அதிகம். கடைக்காரர் "ரெண்டும் கால்சியம்தான்"னு மாத்திக் கொடுத்தா வாங்காதீங்க.
- முடி கொட்டுதுன்னு பயோட்டின் மாத்திரை போடறவங்க நிறைய. அது தைராய்டு ரத்தப் பரிசோதனை முடிவையே தப்பாக் காட்டும். டெஸ்டுக்கு குறைஞ்சது 2 நாள் முன்னாடி நிறுத்தணுமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க.

பாலிசியில டிஸ்சார்ஜுக்கு அப்புறம் 60, 90 அல்லது 180 நாள் வரைக்கும் டெஸ்ட், மருந்து செலவு கிடைக்கும். அந்தக் கணக்கு உங்க பாலிசியில எத்தனை நாள்னு காலண்டர்ல குறிச்சுக்கோங்க. அதுக்குள்ள வர்ற பில்லை விட்டுடாதீங்க. அதுக்கு மேல வர்றதை பட்ஜெட்ல "ஹெல்த்"னு தனி வரி போட்டு ஒதுக்குங்க.

வரி: 80டிடிபி எப்போ உதவும், எப்போ உதவாது?

1961 வருமான வரிச் சட்டத்துல 80டிடிபின்னு ஒரு பிரிவு உண்டு. கேன்சர் உட்பட சில நோய்களுக்கான சிகிச்சைச் செலவுல 40,000 வரைக்கும் கழிவு. நோயாளி 60 வயசு அல்லது அதுக்கு மேலன்னா 1,00,000. புது வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் அமல், அதனால அதுக்கு அப்புறம் பிரிவு நம்பர் மாறியிருக்கும், பழைய நம்பரைத் தேடிக் குழம்பாதீங்க.

ரெண்டு விஷயம் நிறைய பேருக்குத் தெரியாது.

ஒண்ணு, இன்சூரன்ஸ்ல இருந்தோ கம்பெனியில இருந்தோ வந்த பணத்தை உங்க செலவுல இருந்து கழிக்கறது இல்ல. அந்தக் கழிவுத் தொகையில இருந்தே கழிக்கணும். இன்சூரன்ஸ் 1,75,000 கொடுத்திருந்தா, 40,000 கழிவு அப்படியே பூஜ்ஜியம். கையில இருந்து 69,000 போயிருந்தாலும் கிடையாது. ஆனா அடுத்த நிதியாண்டுல இன்சூரன்ஸ் பணம் எதுவும் வராம, ஸ்கேன், டெஸ்ட், கன்சல்டேஷன்னு நீங்களே கட்டினா, அந்த வருஷம் கேட்கலாம். 30 சதவீத ஸ்லாப்ல இருந்தா செஸ்ஸோட 12,480 ரூபாய் மிச்சம். 20 சதவீதம்னா 8,320.

ரெண்டு, அதுக்கு ஆன்காலஜிஸ்ட்கிட்ட ப்ரிஸ்கிரிப்ஷன் வேணும். தைராய்டு கேன்சரைப் பல இடத்துல எண்டோக்ரைன் சர்ஜனும் நியூக்ளியர் மெடிசின் டாக்டரும்தான் பார்ப்பாங்க. ஆன்காலஜிஸ்டைப் பார்க்கும்போதே அதை வாங்கி ஃபைல்ல வச்சுக்கோங்க. மார்ச் கடைசியில அலைய வேண்டாம்.

இது ஓல்டு ரெஜிம்ல மட்டும்தான். 80டி பிரீமியம் கழிவும் அப்படித்தான். 2025-26 நிதியாண்டுல சம்பளம் 12.75 லட்சத்துக்குள்ள இருந்தா நியூ ரெஜிம்ல வரியே வராது, அப்போ இந்தக் கணக்கே தேவையில்ல. ரெண்டுலயும் போட்டுப் பார்த்து முடிவு பண்ணுங்க. பேரியாட்ரிக் சர்ஜரி செலவு 80டிடிபி பட்டியல்ல வராது, அதைச் சேர்க்காதீங்க.

உங்க கம்பெனி நேரடியா சிகிச்சைச் செலவைத் திருப்பித் தந்தா, வருமான வரித் துறை அங்கீகரிச்ச ஆஸ்பத்திரியில நடந்த கேன்சர் சிகிச்சைக்கு, அது பெர்க்விசிட்டா சம்பளத்துல சேராது. பில்லோட ஆஸ்பத்திரி அங்கீகாரச் சான்றையும் எச்ஆர்கிட்ட கொடுங்க.

சம்பளம், லீவ், வேலை மாற்றம்

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்துல வருஷத்துக்கு 12 நாள் நோய் விடுப்பு உண்டு. கம்பெனி பாலிசியில அதைவிட அதிகமாவும் இருக்கலாம். ஆபரேஷன், அயோடின் தனிமை, டோஸ் செட் ஆகற வரைக்கும் சோர்வுன்னு பார்த்தா 12 நாள் பத்தாது. மாசச் சம்பளம் 21,000-க்குள்ள இருந்து இஎஸ்ஐ பிடிக்கறவங்களுக்கு நல்ல வசதி இருக்கு. ரெண்டு வருஷம் தொடர் வேலையும் போதுமான பங்களிப்பும் இருந்தா, கேன்சர் மாதிரி நீண்ட கால நோய்க்கு சம்பளத்துல 80 சதவீதம் நீட்டிக்கப்பட்ட நோய்ப் பலனா கிடைக்கும். இஎஸ்ஐ இருக்குன்னே மறந்துட்டு கடன் வாங்கறவங்களைப் பார்த்திருக்கேன்.

சிகிச்சைக்காக பிஎஃப்ல இருந்து ஒரு பகுதி எடுக்கலாம். ஆனா அதைக் கடைசி வரிசையில வைங்க. முதல்ல எமர்ஜென்சி ஃபண்ட், அப்புறம் எஃப்டி, அப்புறம் பிஎஃப். பர்சனல் லோனும் கிரெடிட் கார்டு இஎம்ஐயும் வேண்டவே வேண்டாம்.

கேன்சருக்கு அப்புறம் ரொம்ப முக்கியமான ஒரு விதி: கிளெய்ம் வாங்கினீங்கங்கறதுக்காக சொந்த பாலிசியைப் புதுப்பிக்க மறுக்க முடியாது. அதனால பிரீமியம் தேதியை மட்டும் தவறவிடாதீங்க, ஆட்டோ டெபிட் போடுங்க. புதுசா வாங்கறது இனி கஷ்டம், இருக்கறதுதான் சொத்து. குரூப் பாலிசி மட்டும் இருந்து வேலையை விடறதா இருந்தா, கடைசி நாளுக்கு முன்னாடியே அதே இன்சூரன்ஸ் கம்பெனியோட தனிநபர் பாலிசிக்கு மாற விண்ணப்பம் போடுங்க. காத்திருப்புக் காலத்துக்கான கிரெடிட் கூடவே வரும். டெர்ம் பாலிசி ஏற்கனவே இருந்தா எந்தக் காரணத்துக்கும் லாப்ஸ் ஆக விடாதீங்க.

கிளெய்ம் மறுத்தா?

1. மறுப்புக்கான காரணத்தை, பாலிசியோட எந்த விதிங்கறதோட எழுத்துல வாங்குங்க.
2. கம்பெனியோட குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில். கூடவே ஐஆர்டிஏஐயோட பீமா பரோசா போர்ட்டல்ல பதிவு.
3. 30 நாள்ல பதில் இல்லன்னாலோ, பதில் திருப்தி இல்லன்னாலோ இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேன். சென்னையிலயும் ஆபீஸ் இருக்கு. கட்டணம் இல்ல, வக்கீல் தேவையில்ல. மறுப்பு வந்து ஒரு வருஷத்துக்குள்ள போகணும்.

கால்சியம் இறங்கி திரும்ப அட்மிட் ஆன பில்லைத்தான் "இது பேரியாட்ரிக் சர்ஜரியோட பின்விளைவு"ன்னு இழுத்தடிக்க வாய்ப்பு அதிகம். டிஸ்சார்ஜ் சம்மரியில காரணம் என்னன்னு டாக்டர் தெளிவா எழுதியிருக்காரான்னு ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பறதுக்கு முன்னாடி படிங்க. "லோ கால்சியம்"னு ஒரு வரியில முடிச்சிருந்தா, தைராய்டு ஆபரேஷனுக்கு எத்தனை நாள் கழிச்சு, எதனால வந்ததுன்னு முழுசா எழுதித் தரக் கேளுங்க.

இந்த வாரம் பண்ண வேண்டியது

ஒரு ஃபைல், ஃபோன்ல ஒரு ஸ்கேன் காப்பி. அதுல இவ்வளவு இருக்கணும்:

- பழைய ஆபரேஷனோட டிஸ்சார்ஜ் சம்மரி, அதுக்கு முன்னாடி எடுத்த எல்லா டெஸ்டும்
- வருஷா வருஷம் எடுத்த வைட்டமின் டி, கால்சியம், பிடிஎச், டிஎஸ்எச் ரிப்போர்ட்
- பாலிசி வாங்கும்போது கொடுத்த ப்ரொபோசல் ஃபார்ம் காப்பி (இல்லன்னா கம்பெனிகிட்ட கேட்டு வாங்குங்க)
- புது நோயோட முதல் கன்சல்டேஷன் சீட்டு, எஃப்என்ஏசி, பத்தாலஜி ரிப்போர்ட்
- பில், பேமென்ட் ரசீது, இன்சூரன்ஸ் கம்பெனியோட வந்த மெயில் எல்லாம்

சர்ஜன் கேட்கறதும் இந்த ஃபைலைத்தான், இன்சூரன்ஸ் கம்பெனி கேட்கறதும் இந்த ஃபைலைத்தான். நம்ம சப்ஸ்கிரைபருக்கு 15 லட்சம் வரல, ஆனா ஆஸ்பத்திரி பில் வந்துச்சு, கடன் இல்ல, பாலிசி இன்னும் உயிரோட இருக்கு. அதுக்குக் காரணம் 2023-ல ஃபார்ம்ல போட்ட ஒரு "ஆமா"வும், 2022-ல தூக்கிப் போடாம வச்ச ஒரு கவரும்தான்.

உங்க ப்ரொபோசல் ஃபார்ம்ல ஏதாவது விடுபட்டிருந்தா, கிளெய்ம் வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க. இன்னைக்கே கம்பெனிக்கு எழுதித் தெரியப்படுத்துங்க. சந்தேகம் இருந்தா கமெண்ட்ல கேளுங்க, பாலிசி நம்பர், மெடிக்கல் ரிப்போர்ட் எதையும் பப்ளிக்கா போடாதீங்க. பிஎம்ஐ 35-க்கு மேல இருக்கற நண்பர் யாராவது சர்ஜரி பத்தி யோசிச்சுட்டு இருந்தா, இதை அவங்களுக்கு அனுப்பிடுங்க. அடுத்த வீடியோவுல பார்ப்போம்.